பத்துக் காசு ஏன் குறைந்தது?

(தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



ஆண் பெண் சமத்துவமும் நாடுகளுக்கிடையே நடக்கும் வாணிபமும் என்று இன்றைய கூட்டத்துக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீஸைப் படித்த தாய்மார்கள் சிலர், "வாணிபம் துரைமார் சமாசாரம், பால் மரம் வெட்டுகிற எங்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே நாம் இங்கே கூடியிருக்கிறோம்.

பழைய கணக்கு ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். 1936-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய சர்க்கார், மகாகனம் ஸ்ரீனிவாச சாஸ்திரியாரை மலாயாவுக்கு அனுப்பிற்று. தோட்டங்களில் நம் மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பினார்கள். 1937-ல் அவர் அறிக்கை கொடுத்தார். ரப்பர் விலை விழுந்த காலத்தில் வெட்டிய கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று முன்பிருந்த விகிதத்தை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்றார். வெட்டிய கூலியைத் திரும்பக் கேட்டது நல்ல காரியமே. ஆனால் அந்தப் பத்துக் காசு வித்தியாசத்தை அவரும் தொடவில்லை. துரைமாருக்கும் அது இயற்கை, சர்க்காருக்கும் இயற்கை, நம்முடைய நன்மைக்கென்று கப்பலேறி வந்த பெரியவருக்கும் இயற்கை!

அதே காடு, அதே இருட்டு, அதே பெரட்டு, அதே கொசு. ஆண் வெட்டினாலும் பெண் வெட்டினாலும் மங்கில் விழுகிற பால் ஒன்றுதான். பெண் வெட்டிய பாலை லண்டன் சந்தையில் ஐந்தில் ஒரு பங்கு விலை குறைத்தா விற்றார்கள்? இல்லை. சந்தைக்குப் போகும்போது பாலுக்கு ஆண் பெண் இல்லை. சம்பள மேசைக்கு வரும்போதுதான் அந்தப் பேதம் வந்து உட்கார்ந்தது. பெண்ணின் கூலி புருஷன் கூலிக்கு ஒட்டுப்பால் மாதிரி, ஒட்டியது கிடைத்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். தாலி அறுத்துத் தனியே பிள்ளை வளர்த்தவளுக்கும் அதே நாற்பது காசுதான்.

உலகமயம், உலகமயம் என்று இன்றைக்குப் பேசுகிறார்கள். நம் ஊருக்கு அது புதிதல்ல. 1982 வரை இந்த ஊருக்குத் தெலுக் அன்சன் என்று பெயர். 1893-லேயே தாப்பா ரோட்டிலிருந்து இங்கே ரயில் வந்துவிட்டது. அந்தப் பாதையை 1989-ல் மூடினார்கள். ரயிலும் பேராக் ஆறும் கூடும் துறைமுகமாக இருந்த ஊர் இது. வெளியே போனது ஈயமும் ரப்பரும். உள்ளே வந்தது அரிசியும் ஆட்களும். அமெரிக்காவில் மோட்டார் கார் விற்காமல் தேங்கியபோது நம் பாட்டிமாரின் கூலி இங்கே குறைந்தது. எங்கேயோ ஒரு சந்தை தும்மினால் லயத்தில் உலை அணைகிறது என்பதை நம் பாட்டிமார் எவரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தார்கள். ஆகவே, வாணிபம் நமக்கு எதற்கு என்று இனி யாரும் கேட்க வேண்டாம். அது எப்போதும் நம் வீட்டுக்குள்ளேதான் இருந்திருக்கிறது.

1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி உண்டு; பிள்ளைகளுக்குப் படிப்பு உண்டு; துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பது உண்டு. எங்கள் வீட்டுப் பெண்களிடம் துரைமாரும் அவர்களைப் போல் நடந்துகொள்ளும் கறுப்புத் துரைமாரும் முறைதவறி நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் அதே பட்டியலில் உண்டு. வேலைக்காட்டில் பெண்ணின் மானம் சங்கக் கோரிக்கையாக அன்றைக்கே எழுதப்பட்டது என்பதை இளைஞர்கள் மறக்கக் கூடாது. ஆனால் அதே பட்டியலில் பெண்ணுக்கும் ஐம்பது காசு கொடு என்ற வரியை நாம் காணவில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1954-ல் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. கூட்டு ஒப்பந்தங்கள் வந்தன. பால் வெட்டில் ஆள் யார் என்று பார்க்காமல் எடையைப் பார்க்கும் முறை நிலைத்தது. அரசாங்க உத்தியோகத்தில் சம சம்பளம் வாங்க இன்னும் நாளாயிற்று. ஈப்போவில் பிறந்தவரும், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போய்வந்தவருமான ராசம்மா பூபாலன், 1960-ல் ஆசிரியைகளுக்கென்று ஒரு சங்கம் கண்டு போராடினார். 1969-ல் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 1973-க்குள் படிப்படியாகச் சம சம்பளம் வந்தது. படித்த ஆசிரியைக்குக் கிடைக்கும் முன்பே பால் மரம் வெட்டும் பெண் எடைக்குச் சமமாக வாங்கிவிட்டாள் என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமை உண்டு. ஆசிரியைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பெருமை மரத்தோடு சேர்ந்து சாய்ந்துவிட்டது. அது எப்படி என்று பார்ப்போம்.

ரப்பர் விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. செயற்கை ரப்பர் போட்டிக்கு வந்தது. செம்பனை எண்ணெய்க்கு உலகில் கிராக்கி கூடிற்று. 1906-ல் டென்மார்க்கைச் சேர்ந்த வெஸ்டன்ஹோல்ஸ் என்பவர் ரப்பருக்காகத் திறந்த நமது ஜெண்டராட்டா தோட்டத்தை இன்று யாரும் ரப்பர் தோட்டம் என்று சொல்வதில்லை. ஒரு காலத்தில் உலகிலேயே அதிகமாக ரப்பர் விளைவித்த நாடு நம்முடையது. 1990-களில் தாய்லாந்து முந்திக்கொண்டது. இன்று கையுறை செய்யும் நம் ஆலைகளுக்கே வெளிநாட்டிலிருந்து பால் வருகிறது. சந்தை சொன்னது, முதலாளி மரத்தை மாற்றினார். அதைத் தடுக்க நம்மால் முடியாது. தடுக்க வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை.

மரம் மாறியபோது வேலை எப்படிப் பங்கு பிரிந்தது என்பதுதான் நம்முடைய கேள்வி. ரப்பர் காட்டில் கத்தி பிடித்த கை பெண்ணுடையதும்தான். செம்பனைக் காட்டில் குலை வெட்டு ஆணுக்குப் போயிற்று. அது பாரம், அது உயரம், பெண்ணால் ஆகாது என்றார்கள். கூலி அதிகமான வேலை அதுதான். பெண்ணுக்கு மிஞ்சியவை மூன்று: உரம் போடுவது, உதிரிப் பழம் பொறுக்குவது, மருந்து அடிப்பது. ஒப்பந்தத்தில் ஆண் இவ்வளவு, பெண் இவ்வளவு என்று எவரும் எழுதவில்லை. வேலையைப் பிரித்தார்கள், பத்துக் காசு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது!

மருந்து அடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். பாரக்குவாட் என்று ஒரு களைக்கொல்லி. பச்சை நிறம், காட்டமான நாற்றம். நம் தாய்மார்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, வெயிலில், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தப் பக்கமே நிரை நிரையாக நடந்தவர்கள் நீங்கள். நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது என்று சொன்னவர்களுக்குத் தோட்டத்து மருந்துக்கடையில் என்ன மாத்திரை கிடைத்தது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. 2002-ல் தெனாகனித்தா என்ற மாதர் அமைப்பும் பூச்சிமருந்து எதிர்ப்பு இயக்கம் ஒன்றும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களைச் சந்தித்து ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு அரசாங்கம் அந்த மருந்துக்குத் தடை அறிவித்தது. தோட்ட முதலாளிமார் தரப்பிலிருந்து நெருக்கம் வந்தது. 2006-ல் தடை தளர்ந்தது. முழுத் தடை வர 2020 ஜனவரி முதல் தேதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் வாணிபம் எங்கே வருகிறது என்று பாருங்கள். அந்த மருந்தை விற்ற பெரிய கம்பெனியின் தலைமையகம் சுவிட்சர்லாந்தில். சுவிட்சர்லாந்தோ தன் நாட்டில் 1989-லேயே அதற்குத் தடை போட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் தடுத்தது. தன் வயலில் தெளிக்கத் தகாத விஷத்தைப் பிற நாட்டுக்கு ஏற்றுமதி செய்ய அப்போது தடை இருக்கவில்லை. கப்பலில் வந்தது, சுங்கம் கட்டி இறங்கியது, ஸ்டோரில் அடுக்கியது, கடைசியில் ஒரு பெண்ணின் முதுகில் ஏறியது. அந்தப் பெண் காய்ச்சிய உழைப்பில் விளைந்த எண்ணெய் மறுபடி கப்பலேறி அதே ஐரோப்பாவுக்குச் சோப்பாகவும் மிட்டாயாகவும் போயிற்று. சுற்றிச் சுற்றி லாபம் வரும் அந்த வழியில் பெண்ணின் நுரையீரல் மட்டும் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. பாரக்குவாட் போய்விட்டது, மருந்து அடிக்கும் வேலை போகவில்லை. இப்போது தொட்டியில் கரைப்பது என்ன மருந்து, அதன் பெயர் என்ன என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறதா? போய்ப் பாருங்கள்.

இனி ஒப்பந்தங்களுக்கு வருவோம். 1992-ல் ஆசியான் நாடுகள் தங்களுக்குள் சுங்கத்தைக் குறைக்க உடன்பட்டன. 2015 கடைசியில் ஆசியான் பொருளாதாரச் சமூகம் என்று அறிவித்தார்கள். சரக்கு தடையின்றிப் போகலாம், மூலதனம் போகலாம், தொழில் தேர்ந்தவர்கள் போகலாம் என்றார்கள். தொழில் தேர்ந்தவர்கள் என்றால் என்ஜினீயர், டாக்டர், நர்ஸ், கணக்காளர் என்று எட்டுத் தொழில்கள். பால் மரம் வெட்டுகிறவர் அந்தப் பட்டியலில் இல்லை. நாம் தொழில் தேராதவர்களாம்! பட்டை காயப்படாமல் இருட்டில் மரம் சீவிப் பார்க்கட்டும், அந்தப் பட்டியலை எழுதியவர்கள்.

அதற்கப்புறம் இரண்டு பெரிய ஒப்பந்தங்கள். சீனா, ஜப்பான் முதலிய 15 நாடுகள் சேர்ந்த ஆர்செப் என்னும் வட்டார ஒப்பந்தம் 2020 நவம்பரில் கையெழுத்தாகி, நமக்கு 2022 மார்ச் 18 முதல் நடப்புக்கு வந்தது. அதில் தொழிலாளர் பற்றி ஓர் அத்தியாயம் கிடையாது. பெண்கள் பற்றியும் கிடையாது. மற்றொன்று பசிபிக் கடல் சுற்றிய நாடுகளின் ஒப்பந்தம். 2018 மார்ச்சில் கையெழுத்து. நமக்கு 2022 நவம்பர் 29 முதல் நடப்பு. அதில் இரண்டும் உண்டு. ஆனால் எப்படி உண்டு என்று பாருங்கள். 23-வது அத்தியாயத்தில் பெண்களின் முன்னேற்றம் பற்றி அழகாக எழுதியிருக்கிறார்கள். எந்த நாடும் அதை மீறினால் வழக்காட முடியாது என்றும் அங்கேயே எழுதிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரி படித்து மகிழலாம், அவ்வளவுதான். நமக்கு உபயோகமானது 19-வது அத்தியாயம். சங்கம் சேரும் உரிமை, கட்டாய உழைப்பு ஒழிப்பு, குழந்தை உழைப்பு ஒழிப்பு, வேலையில் பாரபட்சம் ஒழிப்பு ஆகியவற்றைச் சட்டத்திலும் நடைமுறையிலும் காக்க வேண்டும் என்று அது நாடுகளைக் கட்டுகிறது. பொதுமக்கள் எழுத்து மூலம் கொடுக்கும் முறையீட்டை அரசாங்கம் வாங்கிப் பதில் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்தக் கதவை நம் நாட்டுச் சங்கங்கள் தட்ட வேண்டும் என்பது நம்முடைய அபிப்பிராயம்.

வெளிநாட்டுக் கதவைத் தட்டுவது மானக்கேடு என்று சில பெரியவர்கள் சொல்லலாம். நடந்ததைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 30-ஆம் தேதி, கட்டாய உழைப்பின் அறிகுறி கண்டதாகச் சொல்லி எஃப்.ஜி.வி. கம்பெனியின் செம்பனை எண்ணெயை அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்து நிறுத்திற்று. அந்த ஆணையில் எழுதிய அறிகுறிகளில் பாலியல் வன்முறையும் ஒன்று. அதே ஆண்டு டாப் குளோவ் கையுறைகளுக்கும் தடை வந்தது. அதன் பிறகு அந்தக் கம்பெனி, வெளிநாட்டுத் தொழிலாளர் ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தில் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. தொழிலாளி பல வருஷம் சொல்லி நடக்காதது, கப்பல் நின்றதும் நடந்துவிட்டது! அமெரிக்காக்காரனுக்கு நம்மேல் பாசம் என்று நாம் ஏமாற வேண்டாம். அவனுக்கு அவன் ஆலை, அவன் ஓட்டு. ஆனாலும் வாணிபத்தின் குடுமி தொழிலாளியின் கையில் அகப்படும் இடம் இதுதான்.

உள்நாட்டில் நமக்கு என்ன ஆயுதம் உண்டு? 2001-ல் அரசியல் சட்டத்தின் 8-வது பிரிவில், பால் வேற்றுமை காரணமாகப் பாரபட்சம் கூடாது என்று சேர்த்தார்கள். நல்லது. ஆனால் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கைக் கேளுங்கள். அவர் மலேசிய விமான நிறுவனத்தில் பணிப்பெண். கர்ப்பமானால் வேலையை ராஜினாமா செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அவர் செய்யவில்லை, வேலை போயிற்று. வழக்கு 2005-ல் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. அரசியல் சட்டம் அரசாங்கத்துக்கும் குடிமகனுக்கும் நடுவேதான், தனியார் முதலாளியைக் கட்டாது என்று தீர்ப்பாயிற்று. இதில் நம்மை உறுத்த வேண்டியது வேறொன்று. அந்த நிபந்தனை இருந்தது எங்கே? கூட்டு ஒப்பந்தத்தில்! முதலாளி ஒரு பக்கம் கையெழுத்துப் போட்டால் மறுபக்கம் கையெழுத்துப் போட்டது யார்? ஒரு தொழிற்சங்கம். பேச்சுவார்த்தை மேசையில் பெண்கள் இல்லாவிட்டால் இப்படிப்பட்ட வரிகள் சங்கத்தின் பேனாவிலேயே நுழைந்துவிடும்.

இப்போது சட்டம் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தகப்பனுக்கும் 7 நாள் உண்டு. கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்கக் கட்டுப்பாடு வந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. எடைக்கு வாங்குவோருக்கும் அது பொருந்தும். அதில் ஆண் பெண் பேதம் இல்லை.

ஆனால் இவையெல்லாம் யாருக்கு? செக்ரோலில் பெயர் உள்ளவருக்கு. செம்பனைத் தோட்டங்களில் பல இடங்களில் பார்க்கிற வழக்கம் ஒன்று உண்டு. புருஷன் குலை வெட்டுகிறான். பெண்சாதி பின்னாலேயே போய் உதிரிப் பழம் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறாள். எடை புருஷன் பெயரில் ஏறுகிறது. அவள் பெயர் எங்கும் இல்லை. பெயர் இல்லாததால் சேமநிதி இல்லை, சொக்சோ இல்லை, 98 நாள் இல்லை. முதுகு ஒடிந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆதாரம் இல்லை. ஐரோப்பாவிலிருந்து தணிக்கைக்கு வருபவர் செக்ரோலைப் புரட்டி, சட்டப்படி எல்லாம் ஒழுங்கு என்று எழுதிவிட்டுப் போகிறார். 1937-ல் அவளுக்கு நாற்பது காசாவது இருந்தது!

கிராணிமார்களே, இந்த இடத்தில் உங்களை நாம் விடப் போவதில்லை. செக்ரோல் உங்கள் கையில் இருக்கிறது. மேனேஜர் சொல்லாமல் பெயர் ஏற்ற முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் காட்டில் எத்தனை கை வேலை செய்கிறது என்பது உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. உங்கள் சங்கமும் எங்கள் சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

வெளிநாட்டுச் சகோதரிகளையும் மறக்கக் கூடாது. இந்தோனேசியாவிலிருந்து வந்து பக்கத்து லயத்தில் இருக்கும் பெண், கர்ப்பமானால் பெர்மிட் போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நம் வேலையை அவள் பறித்தாள் என்று சிலர் சொல்கிறார்கள். நம் பாட்டி கப்பலில் வந்து இறங்கியபோதும் இதே பேச்சைத்தான் கேட்டாள். அவளை மலிவாக வைக்க முடிகிற வரையில் நம்மையும் மலிவாக வைப்பார்கள்.

கடைசியாக மூணாறுக்குப் போய்வருவோம். கேரளத்து மலையில் தேயிலைத் தோட்டம். கொழுந்து கிள்ளுகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். இந்தியாவும் ஆசியானும் 2009-ல் செய்த ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடப்புக்கு வந்தபோது, நம் செம்பனை எண்ணெய் அங்கே போக வழி திறந்தது. தேயிலை, மிளகு, ரப்பர் விலை என்னாகுமோ என்று கேரளம் கொதித்தது. ஆக, நாம் ஏற்றுமதி செய்வதும் அவர்கள் அஞ்சுவதும் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கின்றன. 2015 செப்டம்பரில், 20 சதவிகிதமாக இருந்த போனஸைக் கம்பெனி 10 சதவிகிதமாக்கியது. ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் ஒற்றுமை என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களைக் கிட்டேயே நெருங்கவிடவில்லை! கம்பெனியோடு சேர்ந்து எங்களை விற்றுவிட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒன்பது நாளில் போனஸ் 20 சதவிகிதக் கணக்குக்குத் திரும்பிற்று. நாள் கூலி 232 ரூபாயாக இருந்தது. அக்டோபரில் 301 ஆயிற்று. அவர்கள் கேட்டது 500.

இந்தக் கதையைத் தாய்மார்களுக்கு உற்சாகம் ஊட்டுவதற்காக மட்டும் நாம் சொல்லவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கமிட்டித் தோழர்களுக்காகவும் சொல்கிறோம். சந்தாவில் பாதி பெண்களுடையதாக இருந்த காலத்திலும் மேடையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்? மாலை போடவும் தேநீர் கொடுக்கவும் இருந்தார்கள்.

ஆகவே நாம் கேட்பது இவை. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வேலைக்காட்டிலிருந்து வந்த பெண்கள் மேசையில் உட்கார வேண்டும். பார்வையாளராக அல்ல, பேசுகிறவராக. உதிரிப் பழம் பொறுக்கும் ஒவ்வொரு கையும் தன் சொந்தப் பெயரில் செக்ரோலில் ஏற வேண்டும். மருந்து அடிப்போருக்குச் சுற்று முறை வேண்டும்; கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் அந்தப் பக்கமே போகக் கூடாது. குலை வெட்ட இயந்திரக் கத்தி வந்திருக்கிறது. அதைப் பழக்கும்போது பெண்ணையும் கூப்பிட வேண்டும். ஆயாக் கொட்டகை பூட்டிக் கிடக்கும் தோட்டங்களில் அதைத் திறக்க வேண்டும். வாணிப அமைச்சு அடுத்த ஒப்பந்தத்தைப் பேசப் போகும்போது, முதலாளிமார் சங்கத்தைக் கேட்பது போல நம்மையும் கேட்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முதல் ஆதாரம் சம்பளச் சீட்டு. தாய்மார்கள் கடந்த ஆறு மாதச் சீட்டுகளை எடுத்து, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். சீட்டே இல்லாதவர்கள், எந்த டிவிஷனில், எத்தனை நாள், யார் பெயரில் எடை போட்டார்கள் என்பதை வாயால் சொன்னால் போதும். எழுதிக்கொள்ள ஆள் வைத்திருக்கிறோம்.